இரண்டாம் யூனிட் மெருகு

வைரம் என்றால் வழவழப்பு என்று ஊரே நம்பிக்கொண்டிருக்கிறது. நகைக்கடை விளம்பரம் பார்த்துக் கெட்டுப்போன புத்தி. அன்றைக்கும் எங்கள் முதலாளி நஞ்சப்பன் சார் சென்னையிலிருந்து வந்த நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு என் பெஞ்சுக்கு வந்தார். முதலீடு செய்ய வந்தவர்களாம். டை கட்டிய ஒருவர் நாங்கள் செய்யும் செயற்கை முட்டியைக் கையிலெடுத்து விளக்குக்கு நேரே பிடித்தார்.

"வைரப் பூச்சுன்னா தேயவே தேயாதுல்ல மேடம்?"

"தேயாதது நல்லதுன்னு யார் சார் சொன்னது?" என்றேன்.

நஞ்சப்பன் சார் தொண்டையைச் செருமினார். அவர் செருமினால் நான் குரலைத் தணிக்க வேண்டும் என்று அர்த்தம். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட நான் தணித்ததில்லை, அவரும் செருமுவதை விட்டதில்லை.

"இது வைரம் பூசற உலையிலேருந்து இப்பத்தான் எடுத்தது. கண்ணுக்குப் பளபளன்னு இருக்கு. பெரிசாக்கிப் பாருங்க" என்று திரையைத் திருப்பினேன். ஜல்லி கொட்டி ரோலர் ஓட்டாத ரோடு மாதிரி முனை முனையாகத் தெரிந்தது. "ஒரு தலைமுடியை நூறாக் கிழிச்சா ஒரு பங்கு எவ்வளவோ, அவ்வளவு உசரம்தான் ஒவ்வொரு முனையும். ஆனா எல்லாமே வைர முனை. எதிர்ல பிளாஸ்டிக் வெச்சா அராவித் தள்ளிடும். அதனால எதிர்லயும் வைரத்தையே வெச்சிருக்கோம். ரெண்டு அரம் ஒண்ணோட ஒண்ணு உரசினா என்ன ஆகும்?"

"வலிக்கும்" என்றார் கூட வந்திருந்த ஒரு பெண்மணி. அவர்களில் அவருக்குத்தான் மூளை இருந்தது.

"வலிக்கும். சூடாகும். கர்ர்னு சத்தம் வரும். ஆனா உரச உரச முனை மழுங்கும், மழுங்க மழுங்க உராய்வு குறையும். கடைசியில வழுக்கிக்கிட்டு ஓடும். அதுக்கப்புறம்தான் சார் அது தேயாது. ஆயுசுக்கும் ஓடும்."

"அந்தத் தேய்ப்பைத்தானுங்க நம்ம மெசினு பண்ணிக் குடுக்குது" என்று நஞ்சப்பன் சார் கடைசிப் பேச்சைப் பிடுங்கிக்கொண்டு அவர்களைக் காபிக்கு அழைத்துப் போய்விட்டார்.

எந்த மெஷின் என்று சொல்லவில்லை. எனக்கு வயிற்றெரிச்சல் அங்கேதான்.

எங்களிடம் இரண்டு இருந்தன. ஒன்று நான் கட்டியது. முட்டியின் மேல் பாதியையும் கீழ்ப் பாதியையும் உப்புநீரில் முக்கி, நடப்பதுபோல் முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டே இருக்கும். தொழிற்சாலையில் அதற்குச் 'செக்கு' என்று பெயர். எனக்கு என்ன பெயர் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். செக்கு நன்றாகத்தான் தேய்த்தது, ஆனால் தான் போகிற தடத்தில் மட்டும். தடத்தை விட்டு ஒரு நூல் விலகினால் அதே ஜல்லி ரோடு. நம் ஊரில் எவருடைய முட்டி நேர்க்கோட்டில் ஓடுகிறது? பந்தியில் சம்மணம், கோயிலில் நெடுஞ்சாண்கிடை, குழாயடியில் குத்துக்கால். நாற்காலியை விட்டு இறங்காதவர்களுக்கு எங்கேயோ வெளிநாட்டில் எழுதிய நடைக்கணக்கை வைத்துக்கொண்டு நான் மெஷின் கட்டியிருந்தேன். அந்த முட்டியோடு தரையில் உட்கார்ந்தால் கர்ர். பிறகு பக்கவாட்டு அசைவைச் சேர்த்தேன், முறுக்கைச் சேர்த்தேன். எதைச் சேர்த்தாலும் மெஷின் மெஷின்தானே, ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தது. முனை மழுங்குவதற்குப் பதிலாகக் கோடு கோடாகப் பள்ளம் விழுந்தது.

இன்னொன்று இரண்டாம் யூனிட்டில் இருந்தது. அன்னூர்ப் பக்கம் எங்கேயோ. அங்கிருந்து பெட்டியில் பீஸ்கள் வரும், நான் அளந்து பார்த்துத் தேர்வு செய்ய வேண்டும். அடடா, அந்த மெருகு! இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு கீறல் இருக்காது. இரண்டு பாதியையும் சேர்த்து விரலால் தள்ளினால் போய்க்கொண்டே இருக்கும். பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதைவிட ஆத்திரம், எந்த இரண்டு பீஸும் ஒன்றுபோல இல்லை. ஒன்றில் இடப்பக்கம் கூடுதலாகத் தேய்ந்திருக்கும், ஒன்றில் வலப்பக்கம். ஒழுங்கான மெஷின் என்றால் எல்லாவற்றையும் ஒரேமாதிரி அல்லவா தேய்க்க வேண்டும்?

"அந்த மெசினுக்கு லீவு, சடவு, சோம்பல் எல்லாம் உண்டு போலீங்க மேடம்" என்பான் பக்கத்து பெஞ்சு ஃபெலிக்ஸ். "நாளுக்கொரு விதமா வேலை பாக்குது."

இரண்டாம் யூனிட்டைப் பார்க்க வேண்டும் என்று எத்தனையோ முறை கேட்டுவிட்டேன்.

"தொழில் ரகசியமுங்க மேடம்" என்பார் நஞ்சப்பன் சார்.

"எனக்கேவா சார்?"

"உங்களுக்கேதானுங்க."

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் என் பேச்சு எடுபட்டது. காலை முழுக்க நீட்டிய நிலையிலிருந்து முழுக்க மடக்கிய நிலைவரை எங்காவது ஒரு பொட்டு சொரசொரப்பு இருந்தாலும் அந்த பீஸ் வெளியே போகக் கூடாது. அப்படி ஒரு விதி எழுத வைத்தேன். அவர் முனகிக்கொண்டே ஒப்புக்கொண்டார். பிற்பாடு அந்த விதி எங்கெல்லாம் போய் உட்கார்ந்தது என்பது எனக்கு அப்போது தெரியாது.

எங்கள் கேட்டுக்கு எதிரே, மெட்ரோ தூணுக்கு அடியில் ரங்காத்தாள் பூ விற்பார். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். சாக்கு விரித்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, நூலின் ஒரு முனையை இடது கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு கட்டுவார். முடிச்சைச் சுண்டி இறுக்கும்போதெல்லாம் அந்தக் கால் ஒரு சின்ன உதறு உதறும். பேச்சு, பேரம், உதறு எல்லாம் ஒரே நேரத்தில் நடக்கும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் கம்பெனி டிரஸ்ட் அவருக்கு இலவசமாக முட்டி வைத்தது. டிரஸ்ட் கொடுப்பது சாதாரண உலோக முட்டி, நாம் செய்வது வேறு என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள்.

சென்னைக்காரர்கள் வந்துபோன அன்று சாயங்காலம் பூ வாங்கப் போனால், ரங்காத்தாள் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். நூலை மெட்ரோ வேலிக் கம்பியில் கட்டியிருந்தார். ஒரு மாசமாக ஆளையே காணவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"என்னக்கா, பூக்கடையா, ஆபீஸா?"

"அட போங்க அம்மிணி. ஸ்டூல் மேல ஒக்காந்தா எசமானியாட்ட இருக்குதாம், ஒருத்தரும் பக்கத்துல வர மாட்டேங்கறாங்க. கால்ல மாட்டாமக் கட்டுனா முடிச்சும் நிக்கறதில்லீங்க." முட்டியைத் தடவிக்கொண்டார். "சர்வீஸ் பண்ணுனாங்க. பழசை எடுத்துப்போட்டுப் புதுசு வெச்சிருக்குது."

"பழசுல என்ன கோளாறு?"

"கோளாறா! வெண்ணெயாட்ட இருந்துச்சுங்க. ஒக்காந்தா, எந்திரிச்சா, முட்டின்னு ஒண்ணு இருக்கற நெனப்பே இல்லீங்க. தேஞ்சு போச்சு, மாத்தோணும்னாங்க. இப்ப மறுபடியும் மொதல்ல இருந்து. உள்ளுக்குள்ள மணலைக் கொட்டி அரைச்சாப்பல இருக்குது. போன தடவையும் இப்படித்தான், ஒரு வருசம் அழுதனுங்க. கீழ ஒக்காந்தா உசுரு போயி வருது. ஒக்காராமப் பூக் கட்ட முடியுங்களா?"

"எந்த டாக்டர்? பேர் சொல்லுங்க, நான் போய்க் கேக்கறேன். நல்லா இருக்கறதை எதுக்குப் பிடுங்கறான்?"

"கேளுங்க அம்மிணி. எனக்கு என்ற பழைய முட்டியே போதுமுங்க. அதை வாங்கிக் குடுங்க, புண்ணியமாப் போகும்."

வாங்கித் தருகிறேன் என்று வாயை விட்டுவிட்டு வந்தேன். ஆனால் அந்த 'மணலைக் கொட்டி அரைச்சாப்பல' மட்டும் காதிலிருந்து இறங்கவில்லை. சாதாரண உலோக முட்டி எதிரில் பிளாஸ்டிக்கோடுதான் உரசும். அது வலிக்கலாம், தளரலாம். மணல் மாதிரி அரைக்காது.

மறுநாள் இரண்டாம் யூனிட் பெட்டி வந்தது. முதல் பீஸை நுண்ணோக்கிக்கு அடியில் வைத்தேன். இடது முட்டி. முழு மெருகு. முழுக்க மடக்குகிற இடத்தில், மெருகுக்குள் மெருகாகக் குட்டிக் குட்டி வளைவுகள், குறுக்கே, ஆயிரக்கணக்கில். மடக்கி வைத்த கால் அந்த மடக்கிலேயே திரும்பத் திரும்ப உதறினால்தான் அப்படி விழும். எந்தப் பைத்தியக்காரன் மெஷினை இப்படி உதற விடுவான் என்று வைதுகொண்டே, இடது காலைத் தூக்கி நாற்காலி மேல் மடக்கி வைத்தேன். போட்டிருந்த வெள்ளைக் கோட்டின் ஓரத்தில் பிரிந்து தொங்கிய நூலைக் கட்டைவிரலில் மாட்டி ஒரு சுண்டு சுண்டினேன். கால் உதறியது.

"மேடம், என்ன பண்றீங்க?" என்றான் ஃபெலிக்ஸ்.

"பூக் கட்டறேன்" என்றேன். என் குரல் எனக்கே நன்றாக இல்லை.

மற்ற பீஸ்களையும் எடுத்தேன். இத்தனை நாள் ஒழுங்கற்ற மெஷின் என்று நான் திட்டிய ஒவ்வொன்றும் இப்போது ஒரு ஆளாகத் தெரிந்தது. இது, பாதி மடக்கில் ஓயாமல் மேலும் கீழும் ஆடியது, தையல் மெஷின் மிதித்தவர். இது, ஒருபக்கமாகச் சாய்ந்து தேய்ந்தது, தோளில் மூட்டையோடு லாரிப் பலகையில் ஏறியவர். இது குத்துக்காலிட்டே காலம் தள்ளியவர், சித்தாளோ, பாத்திரம் தேய்ப்பவரோ. மனுஷ நடை ஒருநாள் போல ஒருநாள் இருக்காது. அதனால்தான் கோடு விழவில்லை. அதனால்தான் அந்த மெருகு. நான் வருஷக்கணக்காகப் பொறாமைப்பட்ட மெஷினுக்குக் கை கால் இருந்தது, வலித்தது, அழுதது.

நஞ்சப்பன் சார் அறைக்குள் கதவைத் தட்டாமல் நுழைந்தேன். பீஸை அவர் மேஜையில் வைத்தேன்.

"இது யாரோட கால் சார்?"

அவர் மறுக்கவில்லை. அதுதான் என்னை இன்னும் கொதிக்க வைத்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "டிரஸ்ட் ஆஸ்பத்திரிதானுங்க ரெண்டாம் யூனிட்டு. எப்படியும் ஒருநாள் கண்டுபிடிப்பீங்கன்னு தெரியுமுங்க. ஒக்காருங்க" என்றார்.

"நான் உக்கார வரல. உக்கார முடியாம ஒருத்தி எதிர்ல ஸ்டூல் போட்டிருக்கா."

"கோவிச்சுக்காம கேளுங்க மேடம். புதுச் செருப்பு கடிக்கத்தானுங்க செய்யும். எங்க தாத்தன் காலத்துல பெரிய வீட்டுச் செருப்பை மொதல்ல பண்ணையத்தாளு போட்டு நடப்பானாம். பழகுன பொறவுதான் எசமான் காலுக்குப் போகும். அவனுக்கும் கொஞ்ச நாள் செருப்புக் கெடைச்சுதல்லங்க?"

"செருப்பைக் கழட்டறதுக்குக் கத்தி வேண்டாம் சார்."

"அவிங்களுக்கு முட்டியே இல்லாம இருந்துச்சு, குடுத்தோம். ஒண்ணை எடுத்தா இன்னொண்ணு புதுசு வெக்கறோம். ஒத்தப் பைசா வாங்கறதில்லீங்க. சர்வீஸுக்கு அவிங்களே கையெழுத்துப் போட்டிருக்கறாங்க. நட்டம் என்னுங்க?"

"நட்டமா? ஒவ்வொரு தடவையும் ஒரு வருஷம் மணல் அரைக்குது சார் உள்ள! அது வெண்ணெயா ஆனதும் நீங்க எடுத்துக்கறீங்க. திரும்ப மணலு. அவங்க ஆயுசு முழுக்க மொத வருஷமேவா?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னை நேராகப் பார்த்தார். "உங்க செக்கு ஒழுங்காத் தேச்சிருந்தா நாங்க ஏனுங்க மேடம் மனுசங்ககிட்டப் போறோம்?"

பீஸைத் திரும்ப எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். மேஜையை உடைக்காமல் விட்டதே பெரிது. நான் தோற்ற இடத்தில்தான் அந்த ஆஸ்பத்திரியைக் கட்டியிருக்கிறார்கள் என்று பட்டது. என்னை அப்படி நினைக்க வைத்ததே அவர் சாமர்த்தியம்தான் என்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது. வேலையை விட்டுப் போகலாம் என்று பையை எடுத்தேன். போனால் செக்கைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவார்கள், இரண்டாம் யூனிட் மட்டும் ஓடும். பையைத் திரும்ப வைத்தேன்.

புகார் கொடுக்க அரசாங்க அலுவலகம் ஒன்றுக்குப் போனேன். முதல் தடவை அதிகாரி இல்லை. இரண்டாம் தடவை இருந்தார், எல்லாவற்றையும் கேட்டார். "இலவசமாத்தானேம்மா குடுக்கறாங்க? தானம் குடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கலாமா?" என்றார்.

"பால் கறக்க ஆரம்பிச்சதும் மாட்டைத் திருப்பி ஓட்டிக்கிட்டுப் போறாங்க சார்."

"வேற மாடு கட்டிட்டுத்தானே போறாங்க" என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

ரங்காத்தாளிடம் சொல்லாமல் நான் நாலு நாள் பின்வாசல் வழியாக வீட்டுக்குப் போனேன். ஐந்தாம் நாள் அவரே கேட்டுக்கு வந்து நின்று, செக்யூரிட்டியிடம் என்னைக் கூப்பிடச் சொல்லிவிட்டார். வேறு வழியில்லை. தூணுக்கு அடியில் சாக்கில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஸ்டூலில், நான் தரையில்.

அவர் கை நூலை விட்டது. அப்புறம் பூவைத் தொடவில்லை.

"யாருக்குங்க போவுது என்ற முட்டி?"

"தெரியலக்கா. காசிருக்கறவங்க யாருக்கோ."

"நோகாம நோம்பி கும்பிடறதுன்னா இதுதான் போல. அவன் கால் வெளங்குமா?" கண்ணைத் துடைத்துக்கொண்டு, கேட்டைப் பார்த்து இன்னும் நாலு வார்த்தை வைதார். அதை இங்கே எழுத முடியாது.

"அது என் பெஞ்சுலதான் இருக்குது. தூக்கிட்டு வந்துடறேன்."

"வந்து? இந்த ரோட்டுல ஒக்கார வெச்சு நீங்களே மாட்டி உடறீங்களா? இன்னொருக்கா அறுக்கறதுக்கு என்ற காலு வாழைத்தண்டுங்களா அம்மிணி?" வலியிலும் அவருக்குச் சிரிப்பு வந்தது, எனக்கு வரவில்லை. பிறகு முட்டி மேல் கையை வைத்துக்கொண்டு கேட்டார். "இதையும் புடுங்குவாங்களா?"

"வழவழன்னு ஆனதும் புடுங்குவாங்க."

"ஆகாம இருந்தா நோவுது. ஆனாப் புடுங்கறாங்க. இது என்னுங்க நாயம்?"

"எப்படி முடிவு பண்றாங்க, ஆயிடுச்சுன்னு?" என்று கேட்டேன்.

"மாசாமாசம் வேன் வருமுங்க. முட்டில ஒரு கிளிப்பை மாட்டி, காலை வெறப்பா நீட்டு, முழுசா மடக்கு, நீட்டும்பாங்க. உள்ள சத்தம் கேக்குதான்னு பாக்கறது. ஒரு எடத்துல கர்ர்னாலும் செவப்பு லைட்டுங்க. சத்தமே இல்லீனா பச்சை. பச்சை எரிஞ்சா சர்வீஸுக்குத் தேதி குடுத்துருவாங்க."

ஒரு இடத்தில் கர்ர் என்றாலும் சிவப்பு. முழுக்க நீட்டியதிலிருந்து முழுக்க மடக்கியதுவரை. என் விதி! எழுத்து மாறாமல் அப்படியே எடுத்து வேனில் ஏற்றியிருக்கிறார்கள்.

"அக்கா" என்று அவர் கையைப் பிடித்தேன். "நடக்கறப்போ காலை முழுசா நீட்டாம நடக்க முடியுமா?"

"நொண்டியாட்டவா?"

"நொண்டி இல்ல. கொஞ்சூண்டு மடக்கி. நிக்கறப்பவும் அப்படியே. வைரம் உரசுன எடம்தான் மழுங்கும். உரசாத எடத்துல முனை அப்படியே நிக்கும். நீங்க உக்கார்ற எடம், நடக்கற எடம் எல்லாம் தானா வழவழன்னு ஆயிடும். அந்தக் கடைசி நீட்டல் இருக்கே, அதை மட்டும் தொடாதீங்க. அங்க மணல் இருக்கட்டும். வேன் வந்தா வெறப்பா நீட்டுங்க, கர்ர்னு கத்தும். செவப்பு."

ரங்காத்தாள் எழுந்து நின்றார். முட்டியை லேசாக மடக்கி இரண்டடி நடந்தார், திரும்பி வந்தார். "இடுப்பு கடுக்கும்" என்றார்.

"கடுக்கும்."

"கீழ ஒக்காரலாமுங்களா?"

"ஒரு வருஷம் பல்லைக் கடிச்சா, அப்புறம் எப்பவும் ஒக்காரலாம்."

"செரி" என்றார். ஸ்டூலைக் காலால் தள்ளிவிட்டு, தூணைப் பிடித்துக்கொண்டு, வாய்விட்டு முனகியபடி சாக்கில் இறங்கிச் சம்மணம் போட்டார். கண்ணில் தண்ணீர் முட்டியது. நூலைக் கட்டைவிரலில் மாட்டினார்.

பூ மார்க்கெட்டில் ஒருத்தியிடம் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி. ரங்காத்தாள் சொன்ன வித்தை டிரஸ்ட் முட்டி வைத்தவர்கள் காதுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது. அந்த வருஷம் இரண்டாம் யூனிட் பெட்டி இளைத்துக்கொண்டே போனது. அடுத்த வருஷம் வரவேயில்லை. டிரஸ்ட் டாக்டர்கள் உலையைக் குறை சொன்னார்கள், உலைக்காரர்கள் அதற்குள் விடுகிற வாயுவைக் குறை சொன்னார்கள். கடைசியில் ஒருநாள் நஞ்சப்பன் சார் விருந்தாளி யாருமில்லாமல் என் பெஞ்சுக்கு வந்து, "முட்டியெல்லாம் பழுக்கவே மாட்டேங்குதுங்க மேடம். உங்க செக்குக்கு என்னென்ன வேணும்னு சொல்லுங்க, வாங்கிப் போட்டுரலாம்" என்றார். அவர் செருமவில்லை. இதை வருஷக்கணக்காகக் கேட்டவள் நான். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அவர் தலைக்கு மேலே ஜன்னல் தெரிந்தது. மெட்ரோ தூண்களுக்கு நடுவே ஒரு சுமைக்காரர், பின்னால் இரண்டு பெண்கள், எல்லோரும் முட்டியை லேசாக மடக்கி நடந்துபோனார்கள். தெரியாதவர் கண்ணுக்கு ஒன்றுமே தோன்றாது. எனக்கு யாருக்கோ கும்பிடு போடப் போகிறவர்கள் மாதிரி தெரிந்தார்கள். அவர்களை அப்படி நடக்கச் சொன்னது நான். என் படிப்புக்கும் கோபத்துக்கும் எட்டியது அவ்வளவுதான்.

செக்கு ஓடுகிறது. அந்தப் பழைய பீஸ்களைப் பார்த்து, ஒருநாள் போல ஒருநாள் ஆடாத மாதிரி இப்போது அதை ஆட்டுகிறேன். முன்னைக்குப் பரவாயில்லை. இன்னும் கோடு விழுகிறது.

மாசியில் கோனியம்மன் தேர். ரங்காத்தாள் அந்தத் தடவை தேருக்கு மாலை கட்டியிருந்தார். சாக்கில் சம்மணம் போட்டு, முகத்தில் ஒரு சுளிப்பில்லாமல், இரண்டு நாள் உட்கார்ந்து கட்டினார். பார்க்க எனக்குக் கண் நிறைந்தது. தேரன்று என்னையும் கூட்டத்துக்கு இழுத்துப் போனார். தெரு கொள்ளாத ஜனம். தேர் திரும்பியதும் அத்தனை பேரும் குதிகாலைத் தூக்கினார்கள். ரங்காத்தாள் மட்டும் மடங்கிய முட்டியோடு எனக்குப் பக்கத்தில், முன்னால் நிற்பவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒரு தடவை நீட்டினா ஒண்ணும் ஆகாதுக்கா. எட்டிப் பாருங்க."

"வேண்டாமுங்க. அந்த எடத்துல இருக்கற மணலுதான் எனக்குக் காவலு. ஒரு தடவை ஒரு தடவைன்னு நானே தேச்சுப்போட்டா?" என்றார். "உங்க மெசினு ஆச்சுன்னா மொதல்ல எனக்குச் சொல்லுங்க அம்மிணி. அன்னைக்கு நீட்டிக்கறேன்."

என்ன செய்வதென்று தெரியாமல் நானும் முட்டியை மடக்கி, அவர் உயரத்துக்கு இறங்கி நின்றேன். தேர் மறைந்து, முதுகுகள் மட்டும் தெரிந்தன. ரங்காத்தாளுக்குக் கோபம் வந்துவிட்டது. என் முதுகில் ஒரு அடி வைத்தார்.

"உங்களுக்கென்ன கேடு? நீங்க ஏனுங்க மடக்கறீங்க? நல்லா நிமுந்து பாத்துச் சொல்லுங்க. என்ற மாலை அம்மனுக்குப் பொருந்தியிருக்குதா?"

நிமிர்ந்தேன். பார்த்தேன். பொருந்தித்தான் இருந்தது.

"இருக்குதுக்கா" என்றேன்.

"அப்பிடியே சொல்லீட்டு வாங்க" என்றார் ரங்காத்தாள், முன்னால் இருந்த முதுகைப் பார்த்தபடி. "தேரு போற வரைக்கும் நிறுத்தாதீங்க."